மீசை உதிரும்வரை

புது டயருக்கு மீசை உண்டு என்று எனக்குக் காட்டித் தந்தவர் அத்தான். பண்ருட்டியில் ஒரு டயர் கடை வாசல். எதிரே லாரியிலிருந்து பலாப்பழங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பழ வாசனையும் ரப்பர் வாசனையும் ஒன்றோடொன்று கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் வந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த டயர்களில் ஒன்றை அத்தான் தன் பக்கமாக உருட்டி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். கறுப்பு நூலை நறுக்கி நட்டு வைத்தாற்போல் சின்னச் சின்ன ரப்பர் முடிகள் டயர் முழுக்க நீட்டிக்கொண்டிருந்தன. அச்சில் வார்க்கும்போது காற்று போகிற துளைகளுக்குள் ரப்பரும் கசிந்து இப்படி நின்றுவிடுமாம். "தொட்டுப் பாரு புள்ள, பூனைக்குட்டி கணக்கா இருக்கும்" என்றார். தொட்டேன், விரல் கூசியது. ஒன்றைக் கிள்ளி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அந்தக் கூடு எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனால் கட்டைவிரலை ஆள்காட்டிவிரலோடு லேசாகத் தேய்த்தால் போதும், அந்தக் கூச்சம் வந்துவிடுகிறது. கூடவே நெய்வேலியின் சாயங்கால வெளிச்சமும், மரநிழலுக்குள் போய்ப் போய் வெளியே வரும் ஒரு சிவப்புக் காரும் வந்துவிடுகின்றன.

அத்தான் என் அக்காவின் கணவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இன்ஜினியர். நாங்கள் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். டவுன்ஷிப்பில் இருந்த வங்கிக் கிளையில் எனக்கு வேலை கிடைத்ததும், அக்காவின் குவார்ட்டர்ஸில் முன்னறையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி மதுரைக்குப் போகும்வரை அந்த அறையை விடவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். சனிக்கிழமையைப் பற்றித்தான் பேசுவார்கள். திங்கட்கிழமை காலையிலேயே அக்கா, "இந்தச் சனிக்கிழமை என்ன ஷிப்ட்டு?" என்று கேட்டுவிடுவாள். சாயங்காலத்தோடு முடியும் ஜெனரல் ஷிப்ட் என்று பதில் வந்தால் அன்று சட்னிக்குத் தாளிப்பு கூடுதலாக இருக்கும்.

சனிக்கிழமை என்றால் கார். பார்வைக்குச் சின்னக் கார்தான். பின்பக்கம் வெட்டிவிட்டாற்போல் முடிந்துபோகும் அமைப்பு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட வாங்கின கார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் உள்ளே இருந்த என்ஜின் வேறு ரகம். அழுத்தி மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். டவுன்ஷிப்புக்குள் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று மூலைக்கு மூலை போர்டு வைத்திருக்கிற ஊரில் வந்து இந்தக் காரை வாங்கினாரே என்று அவருடைய பிரிவே சிரித்தது. குளத்தில் விடக் கப்பல் வாங்கின மாதிரி என்று ஒருவர் சொன்னாராம். அத்தான் அதை வீட்டில் வந்து சொல்லித் தானும் சிரித்தார். கப்பலுக்குக் கடல் எங்கே இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அக்கா கடுகு நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்க்கில் டீயோடு முன்சீட்டில் ஏறுவாள். சில சமயம் நானும் பின்னால் தொற்றிக்கொள்வேன். வடலூர் தாண்டி, சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கி, வீராணம் ஏரிக் கரைக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவது. அவ்வளவுதான் பயணம். வழியில் ஓர் இடத்தில் சாலை நேராக, ஆளில்லாமல், வயல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும். அங்கே வந்ததும் அக்கா கால்களை நன்றாக ஊன்றிக்கொண்டு, "இப்ப விடுங்க" என்பாள். அத்தான் விடுவார். அக்காவின் காதோர முடியெல்லாம் பின்னால் பறக்கும். வாயை மூடிக்கொண்டே சிரிக்கிற ஒரு சிரிப்பு அவளிடம் உண்டு. அதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தக் காரின் டயர்கள் தேய்ந்துபோனது அத்தானுக்குத் தெரியாமல் இல்லை. மற்றவர்களுக்கு முன்பே தெரியும். தினமும் குனிந்து கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பார். ரப்பர் என்றால் அவருக்குக் கோயில் விக்கிரகம் மாதிரி. நகத்தால் அழுத்துவார், முகர்ந்து பார்ப்பார், காதை வைத்துத் தட்டியும் பார்ப்பார். தெரிந்தும் ஏன் மாற்றவில்லை என்றால், எந்த டயர் என்று முடிவு செய்யவில்லை. மெத்தென்ற ரப்பரில் ஒன்று இருந்தது. காய்ந்த சாலையைக் கவ்விப் பிடிக்கும், ஓட்டம் பிரமாதம், சீக்கிரம் தேய்ந்துவிடும். கெட்டி ரப்பரில் ஒன்று இருந்தது. காலத்துக்கும் உழைக்கும், ஆனால் காரைக் கட்டைவண்டியாக்கிவிடும் என்பார். அகலம் கூடினது போட்டால் அழகு, ஸ்டியரிங் கனத்துவிடும். இணையத்தில் இதற்கென்றே இளவட்டங்கள் கூடிப் பேசுகிற பக்கங்கள் இருந்தன. டூட்டி முடிந்து வந்ததும் அதற்குள் போய் உட்கார்ந்துவிடுவார். பண்ருட்டிக் கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "சார், மாசக்கணக்கா வந்துகினே இருக்கீங்க. டயரு வாங்க வரீங்களா, பொண்ணு பாக்க வரீங்களா?" அத்தான் வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்படித் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்ததில் ஐப்பசி வந்து மழையும் பிடித்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை நானும் பின்சீட்டில் இருந்தேன். மழை விட்டுத் தூவானம் மட்டும் இருந்தது. சேத்தியாத்தோப்பு நெருங்கும் ஒரு வளைவில், டிராக்டர் இறங்கி ஏறின இடத்தில், சாலை முழுக்க வயல் சேறும் தண்ணீரும். வேகம்கூட அதிகமில்லை. திடீரென்று காருக்கும் தரைக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. சத்தமில்லை. வயல், புளியமரம், வானம், மறுபடி வயல் என்று எல்லாம் மெதுவாக ஜன்னலைக் கடந்து போயின. கனவில் விழுகிறபோது ஒரு நிதானம் இருக்குமே, அப்படி இருந்தது. கார் ஒரு முழுச் சுற்று சுற்றி, அதற்கு மேலும் பாதி திரும்பி, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிளாஸ்க் மட்டும் அக்காவின் காலடியில் உருண்டுகொண்டே இருந்தது. அத்தான் கதவைத் திறந்து இறங்கினார். சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன் டயரைப் பார்த்தார். பிறகு பின் டயரைப் பார்த்தார். நகத்தை வைத்துப் பார்த்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் பிளாஸ்க்கை எடுத்து மூடியை இறுக்கிக்கொண்டு இறங்கி, சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த வடலூர் பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பஸ் நின்றது, ஏறிவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பின்னாலேயே ஓடி ஏறினேன். கடைசி சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கு அப்பால் சிவப்புக் கார் வந்துகொண்டே இருந்தது. பஸ் நிற்கிற நிறுத்தத்திலெல்லாம் அதுவும் பின்னால் நின்றது. வடலூரில் நாங்கள் வேறு பஸ் மாறினோம், அதன் பின்னாலும் வந்தது. டவுன்ஷிப் ஆர்ச் வரைக்கும் அப்படியே வந்தது. அக்கா ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அதன்பின் அக்கா காரில் ஏறவில்லை. கோபமாகப் பேசவும் இல்லை. காய்கறிக்கும் கோயிலுக்கும் டவுன் பஸ்ஸில் போனாள். சனிக்கிழமை என்ன ஷிப்ட்டு என்று கேட்பது நின்றுபோயிற்று. கடுகு நிறச் சேலை பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அந்த வீட்டில் பேச்சு எப்போதுமே குறைவு. சனிக்கிழமையும் போனபின் சுவர்க்கடிகாரமும் குக்கரும்தான் பேசின. அவர்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் விட்டால் வேறு யாரும் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பயமாகவே இருந்தது. அத்தானுக்கும் இருந்திருக்கும். ஆனால் அவர் அதை டயர்ப் பயம் என்று எடுத்துக்கொண்டார். சரியான டயரைப் போட்டுவிட்டால் அக்கா ஏறிவிடுவாள் என்று நம்பினார். பெல்ட் அறுந்தால் பெல்ட்டைச் சரிசெய்ய வேண்டும். முப்பது வருடமாக அவர் செய்துவந்த வேலை அதுதானே.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், தட்டிலிருந்த சாதத்தைத் தட்டையாக அழுத்தி, அதில் விரலால் பள்ளம் பள்ளமாகக் கீறினார். நேராக நான்கு, குறுக்கே சாய்வாகச் சில. பிறகு ரசத்தை மேலே ஊற்றி, அது எந்த வழியாக ஓடி வெளியேறுகிறது என்று குனிந்து பார்த்தார். கோடுகளைக் கலைத்துவிட்டு வேறு மாதிரி கீறினார். மறுபடி ரசம். "தண்ணிய வெளிய தள்ளணும் புள்ள. தள்ளிட்டா ரப்பர் தரையத் தொட்டுரும். தொட்டுட்டா வழுக்காது" என்று என்னிடம் சொன்னார். அக்கா கேட்கவேண்டும் என்றுதான் சொன்னார். அக்கா கரண்டியோடு நின்று அந்தத் தட்டைப் பார்த்தாள். "சாப்பிடுங்க, ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில் மழைக்கென்றே அகலப் பள்ளம் விட்டுச் செய்த, சத்தம் போடாத, சாதுவான டயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதைப் பூட்டத்தான் பண்ருட்டிக்கு என்னையும் கூட்டிப் போனார். கடைக்காரருக்கு நம்ப முடியவில்லை. "ஓட்டறதுக்குன்னே வாங்குன வண்டிங்க இது. இதுக்குப் போயி இதப் போட்டுகினு…" என்று இழுத்தார். சுவரில் மாட்டியிருந்த அந்த மெத்தென்ற ரப்பர் டயரை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டு அத்தான், "ஓட்டம் போதும்ங்க" என்றார். மாதக்கணக்கில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த டயர் அது. கடைக்காரர் நட்டை இறுக்கிக்கொண்டே, "வூட்டுல அம்மாவையும் ஒரு தபா கூட்டியாந்திருந்தா அவங்களையே கேட்டிருக்கலாம்ங்க" என்றார். அத்தான் அதைக் காதில் வாங்கவில்லை. டயரின் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சுரங்கத்தில் புது பெல்ட் போட்டாலும், அறுந்ததை ஒட்டினாலும், உடனே அதன்மேல் நிலக்கரியைக் கொட்டமாட்டார்கள். முதலில் வெறுமனே ஓடவிடுவார்கள். எம்ப்டி ரன் என்று பெயர். பெல்ட் தன் பாதையில் ஒழுங்காக உட்காரவேண்டும், ஒட்டு பிடிக்கவேண்டும். அதுவரை ஒரு கட்டிகூட மேலே விழக் கூடாது. அவசரப்பட்டு லோடு விட்டவர்களை அத்தான் திட்டுகிற திட்டு சுரங்கத்தின் அடுத்த அடுக்கு வரை கேட்குமென்று அவர் பிரிவு ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தை அவர் டயருக்கும் கொண்டுவந்துவிட்டார். மீசை உதிரும்வரை எம்ப்டி ரன். யாரும் ஏறக் கூடாது. ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடந்த குடை எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் வைத்துவிட்டார். முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையார் மட்டும் இருந்தார். கேட்டதற்கு, "அவரு ஆபரேட்டர்லா" என்றார்.

அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், எங்கள் டவுன்ஷிப்பின் சாலைகள் அடித்து வைத்த நூல் மாதிரி நேரானவை. நடுவில் இருந்த மீசை சீக்கிரம் போய்விட்டது. ஓரத்து மீசை போகவே இல்லை. அது போக வண்டி வளைந்து வளைந்து ஓடவேண்டும். ஆகவே அத்தான் ரவுண்டானா ரவுண்டானாவாகச் சுற்ற ஆரம்பித்தார். சாயங்காலமானால் வெறும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அனல்மின் நிலையக் கோபுரங்களின் நீராவி இளஞ்சிவப்பாகி, மேகம் எது நீராவி எது என்று தெரியாமல் வானத்தில் படர்ந்து நிற்கும். ஷிப்ட் பஸ்கள் போய் முடிந்த தெருவில், தூங்குமூஞ்சி மரங்களின் பூ உதிர்ந்து கிடக்கும். மரத்தின் இலைகள் கூம்புகிற அந்த நேரத்தில் சிவப்புக் கார் ஒருமுறை கடக்கும். நிழலுக்குள் போகும்போது கறுப்பாகும், வெளியே வரும்போது சிவக்கும். நாற்பதில்தான் போவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும். அக்கா அடுக்களை ஜன்னலருகே ஏதாவது நறுக்கிக்கொண்டே நிற்பாள். கார் கடக்கும்போது மட்டும் கத்தியின் சத்தம் நிற்கும். அதை நான் கவனித்தேன். இவள் ஏறிவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

ஒரு சாயங்காலம் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா கடுகு நிறச் சேலையில் வந்தாள். கையில் வயர்கூடை, அதில் பிளாஸ்க். எங்கள் தெரு முடிகிற இடத்தில் பஸ் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய் நின்றாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் திருப்பத்தில் வந்தது. அக்கா கையை நீட்டினாள். பஸ்ஸுக்கு நீட்டுகிற மாதிரி இல்லை. பாதி தூரம்தான் கை நீண்டது. அத்தான் பார்த்துவிட்டார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. முகமெல்லாம் பூரித்து, வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியே ஒரு விரலை உயர்த்தி, "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு!" என்று கத்திவிட்டுப் போயேபோய்விட்டார்.

அக்கா கையை இறக்கிக்கொண்டாள். பிறகு திரும்பி வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, டீயை ஊற்றி எனக்கு ஒரு தம்ளர் கொடுத்தாள். தன் தம்ளரைக் கையில் பிடித்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "ஏட்டி, நான் என்ன லோடா?"

அத்தான் வந்தார். மரத்தடியில் ஆளைக் காணாமல் வேகமாகவே வந்திருந்தார். இறங்கும்போதே, "முடிஞ்சிட்டு, ஓரத்து மீசையும் போயிட்டு. வா, வீராணம் போவோம்" என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. "நான் லோடு. எறக்கியே வச்சிருங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "ஒனக்காகத்தானே இந்த டயரு? நீ பயப்படக் கூடாதுன்னுதான…" என்று தடுமாறினார். அக்கா அவ்வளவு நாள் உள்ளே வைத்திருந்ததைச் சொன்னது அப்போதுதான். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு டயரப் பாத்தா பயம்னு யாரு சொன்னா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? அன்னைக்கு வண்டி சுத்தி நின்னதும் எறங்கிப் போயி டயரத்தான் பாத்திய. என்னத் திரும்பிப் பாக்கல." அத்தான் அப்படியே நின்றார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. கார் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் வந்து அக்காவுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார். அவள் தன் தம்ளரை அவரிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை அத்தான் காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று, "எங்க ஒக்காருத?" என்று கேட்டார். கேட்டது பெரிய விஷயம். அவருக்கு அது பழக்கமில்லை. அக்கா யோசித்துப் பின்சீட்டைக் காட்டினாள். அதன்பின் வாராவாரம் அத்தான் முன்னால் தனியாக ஓட்ட, அக்கா பின்னால் கலெக்டர் மாதிரி உட்கார்ந்து போவாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் கோயமுத்தூர் அம்மாவுக்கு அவலுக்குப் பதில் அல்வா கிடைத்த மாதிரி. "ஏனுங்க சார், டிரைவர் வேலைக்குச் சேந்துட்டீங்களாக்கும்? சம்பளமெல்லாம் சரியாக் குடுக்கறாங்களா?" என்பார். அத்தான் அசரமாட்டார். "பெர்மனென்ட் ஆக்கலீங்க இன்னும். கான்ட்ராக்ட்டுதான்" என்பார். பின்சீட்டில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டே சிரிக்கிற அந்தச் சிரிப்பு ஜன்னல் கண்ணாடியில் எனக்குத் தெரியும்.

மறுபடி ஒரு மழையில் அதே வளைவு. அன்றும் நான் இருந்தேன், அக்காவுக்குப் பக்கத்தில். சாலையில் தண்ணீர் கட்டி நின்றது. கார் அதற்குள் போய், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு சிணுங்கல்கூட இல்லை. நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் ஓரமாக நிறுத்தினார். இறங்கி டயரைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. சீட்டிலிருந்து உடம்பை முழுக்கத் திருப்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். "பயமா இருக்கா?" என்றார். அக்கா தலையை அசைத்தாள். ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கதவைத் திறந்து மழையில் இறங்கினாள். பஸ் ஏதும் வருகிறதா என்று நான் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு பயம் எனக்கு. அவள் காரைச் சுற்றி நடந்து, முன் இடதுகதவைத் திறந்து, நனைந்த சேலையோடு ஏறி உட்கார்ந்தாள். கால்களை ஊன்றிக்கொண்டாள். "மழ விட்டதும் விடுங்க" என்றாள்.

இப்போதெல்லாம் அந்தக் காரை ஓட்டுவது அக்கா. முன்சீட்டுக்கு வந்தவள் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். அத்தானுக்கு ரிட்டையர் ஆகும் சமயத்தில் கண்ணில் கோளாறு வந்து, ஆபரேஷன் செய்தும் பார்வை மங்கலாகவே நின்றுவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பம் பக்கம் சின்னதாக வீடு கட்டிக்கொண்டார்கள். காரை மட்டும் விற்கவில்லை. போன மாதம் நான் போயிருந்தபோது டயர் மாற்றவேண்டிய நேரம். தேயவில்லை, வயதாகி, ஓரமெல்லாம் வெடிப்பு விட்டிருந்தது. மூவருமாகப் பண்ருட்டிக்குப் போனோம். அதே கடை, நரைத்துப்போன அதே கடைக்காரர். அவர் பழைய மழை டயரையே எடுத்து முன்னால் வைத்தார். அக்கா அதைப் பார்க்கவில்லை. திரும்பி, "ஒங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று அத்தானைக் கேட்டாள். அவர் தயங்கினார். "ஓட்டுறது நீ. நீ பாத்து எடு" என்றார். "நான் கேக்குறேன்லா" என்றாள். அத்தான் சுவரோரமாகக் கையால் தடவிக்கொண்டே போய், ஒரு டயரில் நகத்தை அழுத்திப் பார்த்து, முகர்ந்து, அங்கேயே நின்றுவிட்டார். மெத்தென்ற ரப்பர். அக்கா கடைக்காரரிடம், "மழையில நிக்குமா இது?" என்று மட்டும் கேட்டாள். "இப்ப வர்றதெல்லாம் ரெண்டுக்கும் தோதாதாங்க வருது" என்றார். "அப்ப அதையே போடுங்க." கடைக்காரர் சிரித்தார். "சாருக்கு வருசமாச்சி, அம்மாவுக்கு நிமிசமாச்சி." நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுகிற அக்காவின் காருக்குப் பந்தய டயர் வந்து சேர்ந்தது இப்படித்தான். அத்தான் திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த கண், தண்ணீர் வருகிறது என்றார்.

எம்ப்டி ரன் வேண்டுமென்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். பண்ருட்டியிலிருந்து மூவரும் ஏறி வந்தது கணக்கில் சேராது, வெளி ரோட்டில் லாரித் தொல்லை, டவுன்ஷிப்புக்குள்தான் ஓடவிட வேண்டும் என்றார். எங்கள் பழைய தெரு முனையில், அதே தூங்குமூஞ்சி மரத்தடியில் எங்களை இறக்கிவிட்டு, ஸ்டெப்னியையும் இறக்கிவைத்துவிட்டு, அக்கா வெறும் காரோடு கிளம்பினாள். கோபுரத்து நீராவி இளஞ்சிவப்பாகிக்கொண்டிருந்தது. இலைகள் கூம்பத் தொடங்கியிருந்தன. நான் ஸ்டெப்னிமேல் உட்கார்ந்துகொண்டேன். அத்தான் பிளாஸ்க்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சத்தத்தை வைத்தே காரைத் தேடிக்கொண்டு நின்றார். திருப்பத்தில் கார் வந்தது. நிழலுக்குள் கறுத்து, வெளியே சிவந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, கையை நீட்டினார். பாதி தூரம்தான் நீட்டினார். பிறகு சட்டம் நினைவுக்கு வந்து கையை இறக்கிக்கொண்டு, "போ, போ, ஒரு ரவுண்டுகூட ஆகல" என்றார். கார் நின்றது. அக்கா குறுக்கே சாய்ந்து இடதுகதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க."

"ரன் முடியலையே."

"நீங்க லோடு இல்ல. ஏறுங்க."

அத்தான் கதவைத் தடவிப் பிடித்து ஏறினார். என்னை ஏறச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கதவு சாத்தப்படும்போது பின்சக்கரம் எனக்கு மிக அருகில் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஓரத்து மீசை ஒன்றுகூட உதிராமல் அப்படியே இருந்தது.